பருவத்துக்கு ஒரு முறை தட்சிணசித்ரா

சென்னையிலேயே குடியிருந்துகொண்டு தட்சிணசித்ராவை இன்னும் எட்டிப் பார்க்காதவர்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. அவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடலாம். என்னைப் பதற வைப்பவர்கள், "அதுவா? ஸ்கூல்ல டூர் கூட்டிட்டுப் போனாங்களே, பார்த்தாச்சு" என்பவர்கள்தான். பார்த்தாச்சு என்று சொல்லி முடித்துவிடக்கூடிய இடமா அது! தை மாதம் போனால் புதுப்பானையும் பறையும். ஆவணியில் போனால் பூக்களம். புரட்டாசியில் கொலுப்படி. ஐப்பசியில் போனால் நாலு பக்கக் கூரையும் முற்றத்தில் மழையைக் கொட்டிக்கொண்டிருக்கும். அங்கிருக்கும் பழைய வீடுகள் அதே வீடுகள்தான். ஆனால் மாதத்துக்கு மாதம் வேறு ஊருக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். எத்தனையோ வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறேன், அலுப்பு என்பதே வந்ததில்லை. போய்விட்டு வந்த அன்று இரவே அடுத்து எந்தப் பண்டிகைக்குப் போகலாம் என்று நாட்காட்டியைப் புரட்டுகிற ஆள் நான்.

வீடுகள் வந்து சேர்ந்த கதை

கிழக்குக் கடற்கரைச் சாலையில், நகரத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தெற்கே, முட்டுக்காட்டில் இருக்கிறது தட்சிணசித்ரா. கடலைப் பார்த்த 10 ஏக்கர் நிலம். அதில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா என்று தென்னாட்டின் 18 பழைய வீடுகள். சினிமா செட்டு என்று நினைத்துவிடாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை, மனிதர்கள் பிறந்து, கல்யாணம் கட்டி, பேரன் பேத்தி எடுத்து வாழ்ந்த நிஜ வீடுகள். சொந்த ஊரில் இடிபட இருந்தவை, பிரித்து எடுத்து வரப்பட்டு இங்கே மறுபடி எழுப்பப்பட்டிருக்கின்றன.

இதற்கெல்லாம் காரணம் ஒரு பெண்மணி. அமெரிக்காவில் பிறந்து தமிழ்நாட்டுக்கு மருமகளாக வந்த டெபோரா தியாகராஜன். செட்டிநாட்டு ஊர்களைச் சுற்றிப் பார்த்தபோது, அரண்மனை போன்ற வீடுகளை இடித்துத் தூணையும் கதவையும் விலைக்குப் போட்டுக்கொண்டிருந்ததைக் கண்டு அவர் மனம் ஆறவில்லை. 1984-இல் மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார். 12 வருஷ உழைப்புக்குப் பிறகு, 1996 டிசம்பர் 14 அன்று தட்சிணசித்ரா பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. வளாகத்துக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தவர் லாரி பேக்கர். செங்கல்லையும் சுண்ணாம்பையும் வைத்துச் சிக்கனமாகவும் அழகாகவும் கட்ட முடியும் என்று கேரளம் முழுக்கக் காட்டிய அதே பேக்கர்தான். அவர் வழியில் வந்த பென்னி குரியகோஸ் அந்த வேலையை எடுத்து நடத்தினார்.

ஒரு வீட்டைப் பிரித்து எடுத்து வருவது என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். முதலில் அதை அளந்து, படம் எடுத்து, வரைந்து வைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு உத்தரத்துக்கும் தூணுக்கும் நிலைக்கும் எண் போட்டுக் கழற்ற வேண்டும். லாரியில் ஏற்றி வந்து, அந்த மரவேலை தெரிந்த ஆசாரிகளைக் கொண்டே அதே வரிசையில் பூட்ட வேண்டும். மண்சுவருக்கு மண், சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பு என்று பழைய முறையிலேயே சுவர் எழுப்ப வேண்டும். ஆணி அடிக்காமல் மரத்தோடு மரத்தைக் கோத்த கேரளத்து வீடுகளில், ஒரு கொளுவி மாறினால்கூட அடுத்தது உட்காராது. இத்தனை பாடுபட்டு ஒரு வீட்டை நிறுத்திவிட்டுக் கயிறு கட்டி, "தொடாதீர்கள்" என்று பலகை மாட்டியிருந்தால் எல்லாம் வீணாகியிருக்கும். இங்கே திண்ணையில் உட்காரலாம், தூணில் சாயலாம். அந்தந்தப் பண்டிகை அந்தந்த வீட்டில் நடக்கிறது. அதனால்தான் அந்த வீடுகளுக்கு இன்னும் உயிர் இருக்கிறது.

தையில் புதுப்பானை

பொங்கல் சமயத்துத் தட்சிணசித்ராவை நான் எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வாசலில் மாக்கோலம், கரும்பு, மாவிலைத் தோரணம். உள்ளே கால் வைத்ததும் தூரத்திலிருந்து பறைச் சத்தம். அந்தக் கலைஞர்கள் ஆடத் தொடங்குவதற்கு முன்னால் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவார்கள். சூட்டில் தோல் இறுகினால்தான் அந்தக் கணீர் ஓசை வரும். ஒருவர் விரலால் தட்டிப் பார்ப்பார், தலையசைப்பார், இன்னும் கொஞ்சம் நெருப்பில் காட்டுவார். ஆட்டத்தைவிட இப்படிக் காய்ச்சுவதைப் பார்ப்பதற்காகவே நான் கொஞ்சம் முன்னதாகப் போய் நிற்பேன். பிறகு ஒரு நீளக் குச்சியும் ஒரு குட்டைக் குச்சியும் சேர்ந்து அடிக்கிற அடியில், நாற்காலி தேடிக்கொண்டிருந்த பெரியவர்கள்கூட எழுந்து நின்று தாளம் போடுவார்கள்.

விவசாயி வீட்டுக்கு முன்னால் அடுப்பு மூட்டிப் பானை வைக்கிறார்கள். பச்சை மஞ்சளும் இஞ்சியும் கொத்தோடு கட்டிய புதுப்பானை. அபார்ட்மெண்டில் குக்கரில் பொங்கல் வைத்துப் பழகிய குடும்பங்கள் அந்த அடுப்பைச் சுற்றி நிற்பதைப் பார்க்க வேண்டும். நுரை கழுத்துக்கு வருகிறது, எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள், பால் விளிம்பைத் தாண்டி வழிகிறது. "பொங்கலோ பொங்கல்!" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் கத்துகிறபோது, முன்பின் தெரியாத மனிதர்கள் ஒரு நிமிஷத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள்.

அந்தப் பானை எப்படிப் பிறக்கிறது என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். குயவர் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, மண்ணை மேலே இழுத்து, கழுத்தை வளைத்து, ஒரு நூலால் அறுத்து எடுக்கிறார். பக்கத்தில் நின்ற சின்னப் பையனுக்குப் பெரிய சந்தேகம்.

"தாத்தா, அடியில ஓட்டையா இருக்கே! தண்ணி ஒழுகாதா?"

"இப்பத்தான பொறந்திருக்கு, தம்பி. கொஞ்சம் காயட்டும். அப்புறம் தட்டி மூடிடுவேன்."

சொன்னபடியே, காய்ந்துகொண்டிருந்த வேறொரு பானையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே ஒரு கல்லைக் கொடுத்து, வெளியே ஒரு மரப்பலகையால் தட்டத் தட்ட, கனமாக இருந்த அடிப்பக்கம் மெலிந்து விரிந்து, வட்டமாக மூடிக்கொண்டது. பொங்கல் பானைக்கு அந்த உருண்ட அடி சக்கரத்தில் வருவதில்லை, கையில் வருகிறது. இதைப் பார்த்த பிறகு கடையில் மண்பானையைக் கையில் எடுத்தால், பேரம் பேச எனக்கு நாக்கு எழுவதில்லை.

யுகாதிக்கு இரண்டு வீடு

பங்குனியில், சித்திரை நெருங்கும்போது வருகிற யுகாதியில், நான் முதலில் போவது நல்கொண்டாவிலிருந்து வந்த நெசவாளர் வீட்டுக்கு. இக்கத் நெய்தவர்களின் வீடு அது. இக்கத்தில் துணி நெய்த பிறகு சாயம் போடுவதில்லை. நூலாக இருக்கும்போதே, எந்த இடத்தில் எந்த நிறம் வர வேண்டும் என்று கணக்குப் பண்ணி, இடம் இடமாக இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்குகிறார்கள். கட்டை அவிழ்த்துத் தறியில் ஏற்றி நெய்யும்போதுதான் பூவும் யானையும் வெளியே வருகின்றன. நெய்கிறவர் மனதில் முழுப் புடவையும் முன்னாலேயே நெய்யப்பட்டிருக்க வேண்டும். அந்த நூலைக் கையில் பிடித்துப் பார்த்தால் வெறும் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். அதைப் படிக்கத் தெரிந்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அங்கிருந்து கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீட்டுக்கு நடந்தால் வேறொரு ஆச்சரியம். இல்கல் புடவையில் முந்தானைப் பாவு தனி, உடல் பாவு தனி. இரண்டையும் கண்ணி கண்ணியாகக் கோத்துச் சேர்க்கிறார்கள். நம்முடைய காஞ்சிபுரத்துப் பட்டிலும் முந்தானையை அப்படித்தான் தனிப் பாவாகச் சேர்க்கிறார்கள், பிட்னி என்று பெயர். சேர்க்கிற விதம் வேறு, யோசனை ஒன்றே. இங்கே காஞ்சிபுரத்து நெசவாளர் வீடும் இருக்கிறது. ஒரு வீட்டில் பார்த்ததை மனதில் வைத்துக்கொண்டு இன்னொரு வீட்டுத் தறியைப் போய்ப் பார்க்கலாம். எந்தப் புத்தகத்தில் படித்தாலும் இது இவ்வளவு சுலபமாகப் புரியாது.

காஞ்சிபுரத்துத் தறியில் உட்கார்ந்திருந்தவரிடம், உடலையும் பார்டரையும் கோத்து நெய்கிற கோர்வையைப் பற்றிக் கேட்டேன்.

"உடம்பு ஒரு கலரு, பார்டர் ஒரு கலரு. ரெண்டுக்கும் வேற வேற நாடா. தனியா உக்காந்தா நேரம் போயிடும்மா. பக்கத்துல ஒரு ஆளு இருந்து அந்தப் பக்கத்து நாடாவத் தள்ளணும்."

"எல்லாரும் வந்து இதையேதான் கேட்கிறாங்களாண்ணே?"

"கேக்கட்டும்மா. கேட்டாத்தான புடவைய வாங்கறப்ப வெலைய மட்டும் பாக்க மாட்டாங்க."

அவர் சொன்னதை அன்றைக்கே என் தோழிகள் எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னேன். யுகாதிப் பச்சடியும் இந்த மாதிரிதான் ஒரு பாடம். வேப்பம்பூ, வெல்லம், புளி, மாங்காய், உப்பு, காரம் என்று ஆந்திரத்துக்காரர்களின் பச்சடியில் ஆறு சுவை. கர்நாடகத்தில் வேப்பம்பூவும் வெல்லமும் மட்டும் போதும் என்பார்கள். ஒரே நாள், ஒரே புத்தாண்டு, பக்கத்து பக்கத்து வீட்டில் இரண்டு வழக்கம்.

கோடையில் பிள்ளைகள் ராஜ்ஜியம்

சித்திரை வெயிலில் முட்டுக்காடா என்று மிரளாதீர்கள். மதியம் கடற்காற்று ஏறிவிட்டால், பழைய வீட்டுத் திண்ணையில் மின்விசிறியே வேண்டாம். முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை ஒரே நேராகத் திறந்திருக்கும் செட்டிநாட்டு வீட்டில் போய் நின்று பாருங்கள். கடைந்தெடுத்த தூண்கள், மேல்தளத்துக்குத் தாங்கலாக நிற்கும் கனத்த உத்தரங்கள், காலுக்குக் குளிர்ச்சியான தரை. அந்த வீட்டுக்காரர்கள் பர்மாவரை போய்ச் சம்பாதித்தவர்கள். தேக்கு அங்கிருந்து வந்தது. சுவருக்கு மட்டும் நம்மூர்க் கைவேலை. சுண்ணாம்பையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துப் பூசி, கண்ணாடி போல வரும்வரை தேய்த்திருப்பார்கள். அந்தப் பூச்சின் மேல் உள்ளங்கையை வைத்தால் மே மாதத்திலும் சில்லென்று இருக்கும்.

கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கென்று பயிற்சி முகாம்கள் நடத்துகிறார்கள். பானை வனைவது, ஓலை பின்னுவது, கூடை முடைவது, பொம்மை செய்வது. என் அக்கா பெண், வீட்டில் போனை வாங்கி வைத்தால் உலகமே இடிந்துவிட்டது போல உட்கார்ந்திருப்பவள், ஓலையில் ஒரு கிலுகிலுப்பை பின்னி முடிக்கும்வரை தலையைத் தூக்கவில்லை. சொல்லிக்கொடுத்த அம்மா, "இழுத்துப் பிடி கண்ணு, விட்டா பிரிஞ்சிடும்" என்பதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. அந்த அம்மாவின் விரல் வேகத்தைப் பிள்ளை பார்த்தது, பார்த்துக் கற்றுக்கொண்டது. கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டி, ஊதி, இழுத்து, குட்டி மானும் மயிலும் செய்கிற கலைஞர் முன்னால் எப்போதும் ஒரு கூட்டம். பெரியவர்களைப் பிள்ளைகள்தான் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

திறந்தவெளி அரங்கில் விடுமுறை நாட்களில் கரகாட்டம், மயிலாட்டம், பொய்க்கால் குதிரை என்று ஏதாவது ஒன்று நடக்கும். எனக்கு இருட்டின பிறகு பார்க்கக் கிடைக்கும் தோல்பாவைக் கூத்து என்றால் உயிர். ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, துளையிட்டு, நிறம் தீட்டிய பாவைகள், வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கு. தமிழ்நாட்டுக் கூத்தில் பெரும்பாலும் ஒரே ஆள் ராமனுக்கும் ராவணனுக்கும் சீதைக்கும் கோமாளிக்கும் குரல் கொடுக்கிறார். கையில் பாவை, காலில் சலங்கை, வாயில் பாட்டு. தெற்கே இந்தக் கலையைக் காப்பாற்றி வைத்திருக்கும் குடும்பங்கள் வீட்டில் மராத்தி பேசுகிறவர்கள். மேடையில் அவர்கள் பேசுகிற தமிழைக் கேட்டால் நம்பவே முடியாது. முடிந்ததும் திரைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள், அனுமதித்தால். அத்தனை பேர் கூட்டமாக இருப்பார்கள் என்று நினைத்துப் போனால், வேர்த்து வழிந்துகொண்டு ஒருவர் மட்டும் பாவைகளை அடுக்கிக்கொண்டிருப்பார்.

ஓணத்துக்கு மலையாளக் கரை

ஆவணி பிறந்து ஓணம் நெருங்கினால் கேரளத்து வீடுகள் இருக்கிற பகுதிக்குக் களை வந்துவிடும். வாசலில் அத்தப்பூக்களம் போடுவதைக் கிட்ட இருந்து பார்ப்பதே ஒரு தியானம். செவ்வந்தி, வாடாமல்லி, அரளி, பச்சைக்கு இலையைப் பொடியாக நறுக்கிப் போடுகிறார்கள். கேரளத்தில் அத்தம் நட்சத்திரத்தன்று சின்னதாகத் தொடங்கி, திருவோணம் வரை பத்து நாளும் வளையத்தை அகலப்படுத்திக்கொண்டே போவார்கள். தங்கச் சரிகை போட்ட வெள்ளைப் புடவையில் பெண்கள் விளக்கைச் சுற்றி வட்டமாக நின்று கைகொட்டி ஆடுகிறபோது, பின்னால் அந்த ஓட்டுச்சாய்ப்பு வீடு நிற்கிறது பாருங்கள், அந்தக் காட்சியை ஒரு கல்யாண மண்டப மேடையில் எந்தக் காலத்திலும் கொண்டுவர முடியாது.

கோட்டயம் பக்கத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறித்தவர் வீடு அங்கே இருக்கிறது. 1850-இல் கட்டியது. பலாவும் தேக்கும் பளபளக்கும் மரவீடு. நெல்லைச் சேமிக்கிற அறையை வீட்டின் மார்பாக வைத்துக் கட்டியிருக்கிறார்கள். கேரளத்துக்காரர்கள் அதை அற என்று சொல்கிறார்கள்.  கொஞ்சம் தள்ளிக் கோழிக்கோட்டு வீடு, மாடி வைத்தது, வெட்டுக்கல் சுவர். திருவனந்தபுரத்து வீடு ஒன்று, நடுவில் முற்றத்தோடு. தென்மேற்குப் பருவமழையை முகத்தில் வாங்கும் ஊர்களானதால், மூன்று வீட்டுக் கூரையும் செங்குத்தாகச் சரிந்து, சுவரில் சாரல் படாதபடி வெளியே நீண்டிருக்கிறது. இந்து வீடு, கிறித்தவர் வீடு என்று பெயர்ப்பலகை சொன்னாலும், ஆசாரியின் கை ஒன்றுதான், மழைக்குச் சொன்ன பதிலும் ஒன்றுதான். ஓணத்தன்று இரண்டு வீட்டு முற்றத்திலும் ஒரே உற்சாகத்தோடு ஆட்கள் ஏறி இறங்குவதைப் பார்த்தால் மனசு நிறைந்துவிடும்.

புரட்டாசியில் கொலு

நவராத்திரிக்கு அக்ரகாரத்து வீட்டில் கொலு. திருநெல்வேலிப் பக்கத்து அக்ரகாரம் அது. வீட்டுக்கு வீடு பொதுச்சுவர், தெருவைப் பார்த்த திண்ணை, உள்ளே போனால் ரேழி, அதைத் தாண்டிக் கூடம், முற்றம், பின்கட்டு. இன்றைய ஃபிளாட்டில் சோபாவைத் தள்ளி வைத்துப் படி கட்டுகிறோம். கொலுவுக்கென்றே அளவெடுத்தாற்போல் இருக்கும் ஒரு கூடத்தில், முற்றத்து வெளிச்சம் பக்கவாட்டில் விழ, பொம்மைகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தால்தான் இந்தப் பண்டிகை எந்த வீட்டுக்காகப் பிறந்தது என்று விளங்கும். மரப்பாச்சி ஜோடி, செட்டியாரும் அவர் சம்சாரமும் கடை பரப்பி உட்கார்ந்திருக்கும் பொம்மை, தசாவதாரம், கல்யாண ஊர்வலம்.

பொம்மை என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். ஆந்திரத்து எட்டிக்கொப்பாகாவின் அரக்குப் பொம்மையும், கர்நாடகத்துச் சென்னப்பட்டணத்து அரக்குப் பொம்மையும் நிறத்திலும் உருவத்திலும் வேறு வேறு. ஆனால் இரண்டும் ஒரே மரத்தில் கடைந்தவை, நம்மூர் வெட்பாலை. சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்கிற சூட்டில் நிறம் உருகிப் பிடித்துக்கொள்ளும். பிறகு தாழை மடலை வைத்து மெருகேற்றுவார்கள். பிள்ளை வாயில் வைத்தாலும் பயமில்லாத பொம்மைகள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எங்கள் குடும்பத்தில் யார் வீட்டுக் குழந்தைக்கும் பிளாஸ்டிக் கிலுகிலுப்பை வாங்கிப் போவதை நான் அனுமதிப்பதில்லை.

கொலுவுக்கு வருகிற பெண்கள் யாரும் கேட்காமலே பாடத் தொடங்குவார்கள். ஒரு தடவை என் அம்மா, எழுபதைத் தாண்டியவள், திண்ணையில் உட்கார்ந்து கால் வலிக்கு இதமாகத் தூணில் சாய்ந்திருந்தாள். உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டதும் எழுந்து போய்க் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாள். "எங்க பாட்டி வீட்டுல இப்படித்தான் குரல் சுத்திச் சுத்தி வரும்டி" என்றாள் வெளியே வந்து. முற்றம் வைத்த வீட்டில் பாட்டு அப்படித்தான் நிறையும்.

மழை நாளில் போங்கள்

இதைச் சொன்னால் எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில், புயல் எச்சரிக்கை எதுவும் இல்லாத ஒரு சாதாரண மழை நாளில், குடையோடு தட்சிணசித்ராவுக்குப் போங்கள். கூட்டம் இருக்காது. ஒவ்வொரு வீடும் எதற்காக அப்படிக் கட்டப்பட்டது என்பதை அன்றைக்கு அந்த வீடே செய்து காட்டும். செட்டிநாட்டு வீட்டில் நாலு பக்கத்து ஓட்டிலிருந்தும் தண்ணீர் முற்றத்தில் இறங்கும். மண்சுவர் வீட்டில் நீண்ட கூரை சுவரைக் கைபோட்டு மூடியிருக்கும். அய்யனார் கோயிலின் சுடுமண் குதிரைகள் நனைந்து செக்கச்செவேல் என்று நிற்கும்.

அந்த நாளில் கட்டாயம் பார்க்க வேண்டியது விசாகப்பட்டினம் பக்கத்து ஹரிபுரத்திலிருந்து வந்த வட்ட வீடு. சுவருக்கு மூலையே கிடையாது. பனையோலைக் கூரை, குனிந்து நுழைய வேண்டிய அளவுக்குத் தாழ இறங்கியிருக்கும். புயல் அடிக்கடி கரையேறும் கடற்கரை அது. 2014-இல் ஹுட்ஹுட் புயல் தாக்கியதும் அதே விசாகப்பட்டினத்தைத்தான். வட்டச் சுவரில் மோதுகிற காற்று பிடிமானம் கிடைக்காமல் வழுக்கிப் போய்விடும், தாழ்ந்த கூரைக்குள் புகுந்து தூக்கவும் இடமிருக்காது. பொறியியல் பட்டம் எதுவும் வாங்காத மனிதர்கள் மண்ணையும் ஓலையையும் வைத்துப் போட்ட கணக்கு இது. உள்ளே உட்கார்ந்து வெளியே மழையைக் கேளுங்கள். கான்கிரீட் வீட்டில் இத்தனை வருஷம் மழைச் சத்தத்தையே தொலைத்துவிட்டோமே என்று தோன்றும்.

மார்கழியில் மறுபடி

மார்கழி பிறக்க ஓரிரு நாள் இருக்கும்போது, டிசம்பர் 14, தட்சிணசித்ரா திறந்த நாள். அதிலிருந்து தை வரை அந்த இடத்துக்குத் திருவிழாக் காலம். நகரத்துச் சபாக்களில் கச்சேரி சீசன் நடக்கிற அதே வாரங்கள். வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்த சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். இதமான வெயில், கடலிலிருந்து குளிர்காற்று, வாசல்தோறும் கோலம். புள்ளி வைத்து, ஒரே இழையைக் கை எடுக்காமல் வளைத்து வளைத்துத் தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து முடிக்கிற சிக்குக் கோலத்தை ஒரு பாட்டி போடுவார். சுற்றிலும் பிள்ளைகள் குனிந்து எண்ணிக்கொண்டிருப்பார்கள். பட்டணத்துப் பெண்கள் அவரிடம் சாக்பீஸ் வேண்டாம், மாவையே கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, இழை வராமல் மறுபடி மறுபடி போட்டுப் பழகுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கலை என்றால் மேடையில் நடப்பது, நாம் கீழே உட்கார்ந்து கைதட்டுவது என்ற பழக்கத்தைத் தட்சிணசித்ரா உடைத்துவிடுகிறது. இங்கே சக்கரத்தில் நீங்களே கை வைக்கலாம். தறிக்காரரிடம் பேசலாம். கூடை முடைகிறவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்காரலாம். கிளி ஜோசியம் பார்க்கலாம், வளையல் போட்டுக்கொள்ளலாம். ஓவியக் கூடத்தில் புதுக் கலைஞர்களின் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், எதிரே நூற்றைம்பது வருஷத்து மரக்கதவு நிற்கிறது. பழசும் புதுசும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நிற்கிற இடம் அது.

போகிறவர்களுக்கு என் யோசனைகள் சில. செவ்வாய்க்கிழமை விடுமுறை, அன்று போய் ஏமாறாதீர்கள். காலையில் கதவு திறந்ததும் நுழைந்துவிடுங்கள், அரை நாள் போதாது. செருப்பு எளிதில் கழற்றக்கூடியதாக இருக்கட்டும், ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய்வர வேண்டும். எந்த வாரம் என்ன விழா என்று முன்னாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கைவினைஞர்களிடம் ஏதாவது ஒன்றை வாங்குங்கள், சொன்ன விலைக்கே வாங்குங்கள். வீட்டுப் பெரியவர்களை நிச்சயம் கூட்டிக்கொண்டு போங்கள். பலகையில் எழுதியிருப்பதைவிட அவர்கள் சொல்கிற கதை அதிகம்.

முக்கியமாக, ஒரு தடவை போய்விட்டுப் பட்டியலில் டிக் அடித்துவிடாதீர்கள். தைக்கு ஒரு முறை, ஓணத்துக்கு ஒரு முறை, கொலுவுக்கு ஒரு முறை, மழைக்கு ஒரு முறை என்று வருஷத்துக்கு நாலு முறையாவது போங்கள். சென்னைக்குப் பக்கத்தில் குடும்பத்தோடு ஒரு நாளைச் செலவழிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.